இயர்பட்ஸ் பெட்டியில் பிளாஸ்டிக் தட்டை எடுத்துவிட்டால்: 3,000 பெட்டிக்குத் தாளில் எது சரிப்படும்?

#1 இயர்பட்ஸ்காரன்

வணக்கம். பொருள் வயர்லெஸ் இயர்பட்ஸ். சார்ஜிங் கேஸ் 62 × 46 × 25 மி.மீ., பட்ஸோடு சேர்த்து 45 கிராம், மேல்பக்கம் பளபளக் கறுப்பு. கூடவே 30 செ.மீ. சி-டைப் கேபிள், சிலிக்கான் காதுமுனை இரண்டு ஜோடி, மடித்த கையேடு ஒன்று.

இப்போதைய பெட்டி: 1.5 மி.மீ. கப்பா போர்டு (விறைப்பான கனத்த அட்டை), மேக்னட் மூடி, மேட் லேமினேஷன், உள்ளே 0.4 மி.மீ. பெட் பிளாஸ்டிக் தட்டு, அதற்கடியில் ஸ்பாஞ்ச், வெளியே ஷ்ரிங்க் படலம். உள்ளளவு 90 × 90 × 42.

முதல் ஆர்டர் 3,000. ஓடினால் மாதம் 5,000. அச்சும் பேஸ்டிங்கும் சிவகாசி, பேக்கிங் சென்னை. பிளாஸ்டிக் முழுக்கப் போக வேண்டும், திறக்கிறவர் கைக்கு மலிவாகவும் படக் கூடாது. கூழ்த் தட்டா, மடிப்பு அட்டையா?

#2 கூழ்த்தட்டு

கைக்கு மலிவாகப் படக் கூடாது என்றால் வெட்-பிரஸ் கூழ்த் தட்டுதான். கரும்புச் சக்கை, மூங்கில் கூழ் கலந்து, சூடான அச்சில் ஈரத்தோடு அழுத்துவது. 0.8 முதல் 1 மி.மீ. கனத்தில் இரண்டு பக்கமும் வழவழப்பாக வரும். கேஸின் வளைவை அப்படியே தட்டில் கொண்டுவரலாம், அட்டையில் அது முடியாது. முட்டைத் தட்டு மாதிரி சொரசொரப்பாக இருக்குமே என்று நினைக்க வேண்டாம், அது காற்றில் உலர்த்துகிற வேறு முறை.

பக்கச் சுவருக்குக் குறைந்தது 3 முதல் 5 டிகிரி சரிவு கொடுக்க வேண்டும். செங்குத்தாக வரைந்து அனுப்பினால் அச்சிலிருந்து கழலும்போது விளிம்பு கிழியும். உள்மூலைகளில் கூர்மை வேண்டாம், கூழ் அங்கே மெலிந்து வெளிச்சம் தெரியும்.

தட்டு வாங்கும்போது உணவுத் தட்டுக்குப் போடுகிற எண்ணெய் எதிர்ப்பு மருந்து வேண்டாம் என்று எழுதியே கேளுங்கள். இயர்பட்ஸுக்கு அது தேவையே இல்லை.

#3 கத்திமேடை

கூழ்த்தட்டு சார் சொன்ன தரத்தில் மறுப்பு இல்லை. கணக்கில் மறுப்பு உண்டு. வெட்-பிரஸுக்கு உறிஞ்சும் அச்சு, சூட்டு அச்சு, ஓரம் வெட்டும் டை என்று மூன்று தொகுதி வேண்டும். 3,000 தட்டின் தலையில் அதைக் கட்டினால் தட்டு விலை பெட்டி விலையைத் தாண்டிவிடும். மடிப்பு அட்டைக்கு மரப்பலகையில் கத்தி பதித்த டை ஒன்று போதும். அளவு தவறினால் அடுத்த வாரமே இன்னொரு டை அடிக்கலாம்.

எடையையும் பாருங்கள். இந்த அளவுக்குப் பெட் தட்டு ஏறக்குறைய 13 கிராம், கூழ்த் தட்டு 16 கிராம், மடிப்பு அட்டை ஆறேழு கிராம். பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டு அதைவிடக் கனமான தாளை வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

அமைப்பு இப்படி. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எஃப்.பி.பி., அதாவது மடிப்புப் பெட்டிக்கான அட்டை, கனம் சுமார் 0.48 மி.மீ. மணப்பாறைப் பக்கம் மொண்டிப்பட்டியில் டி.என்.பி.எல். தாள் ஆலை போடுகிற பல அடுக்கு அட்டை மாதிரி ஒன்று. சாம்பல் முதுகு டூப்ளக்ஸ் வேண்டாம். பழைய தாளின் குட்டை இழை, மடிப்பில் விரியும், தூளும் கொட்டும்.

கேஸ் உட்காரும் மேல் மேடை 89 × 89. இரண்டு பக்கம் 30 மி.மீ. கால், காலுக்கடியில் 10 மி.மீ. பாதம் உள்பக்கமாக மடியும். மேடையில் ஜன்னலை நடுவில் வைக்காதீர்கள். ஒரு ஓரத்தில் 8 மி.மீ. விட்டு ஜன்னல், மறு ஓரத்தில் 34.5 மி.மீ. வெற்றிடம். கேபிள் அந்த வெற்றிடத்துக்கு அடியில் போகும். கேஸுக்கு நேர் கீழே கேபிள் தலை இருந்தால் பெட்டி விழும்போது அது சுத்தியல் வேலை செய்யும்.

இனி ஜன்னல், வித்தை முழுக்க இங்கேதான். ஜன்னலை வெட்டி எறிந்துவிடாதீர்கள். 62.5 × 46.5-ல் நாலு பக்கமும் கிரீஸ் (மடிப்புத் தடம்) போடுங்கள். உள்ளே நடுக்கோட்டிலும் மூலைவிட்டத்திலும் வெட்டி நாலு நாக்கு, ஒவ்வொன்றும் 17 மி.மீ. ஆழம். கேஸை அழுத்தினால் நாக்குகள் கீழே மடியும். மடிந்த நாக்கு மறுபடி நிமிரப் பார்க்கும், அந்தத் திமிறல்தான் கேஸைப் பிடிக்கிறது. ஸ்பாஞ்ச் தேவையில்லை. இன்னொன்று, மேடையின் பூச்சுள்ள வழவழப்பான முகம் மடியும்போது கேஸ் பக்கம் திரும்பிவிடும். பளபளக் கறுப்பைக் கீறுவது அட்டையின் வெட்டு விளிம்பு. அந்த விளிம்பு இங்கே கீழ்நோக்கிப் போய்விடுகிறது.

கிரீஸ் அளவு: தடத்தை அழுத்தும் ரூல் 0.71 மி.மீ. கனம். எதிரே அது இறங்கும் பள்ளம்தான் சேனல். சேனல் அகலம் = அட்டைக் கனம் × 1.5 + ரூல் கனம். அதாவது 0.72 + 0.71, 1.4 மி.மீ. சேனல். கத்தி உயரம் 23.8 என்றால் கிரீஸ் ரூல் உயரம் 23.3. கால் மடிப்புகளுக்கு இதை அப்படியே வையுங்கள். ஜன்னல் நாக்கின் கிரீஸை மட்டும் பேக்கிங் மேசையில் முன்கூட்டி மடித்துப் பழக்காதீர்கள். பழக்கினால் திமிறல் போய்விடும், கேஸ் ஆடும். வேகமாகப் போகிறது என்று நூறு நூறாக மடித்து அடுக்கிவைப்பார்கள், அங்கேயே பாதி பிடி போயிற்று.

மூலைவிட்ட வெட்டு முடியும் இடத்தில் 1 மி.மீ. வட்டத் துளை வையுங்கள். இல்லாவிட்டால் கிழிசல் மேடைக்குள் ஓடும்.

கேஸ் 17 மி.மீ. இறங்கி உட்கார, அடியில் 13 மி.மீ. உயரத்தில் 'ப' வடிவப் பாலம் ஒன்று தனியாக. 45 கிராம் பொருள், விழுந்து நிற்கும் கணத்தில் 100 மடங்கு வேகக்குறைவு வந்தால் பாலத்தில் 4.5 கிலோ பாரம் இறங்கும். ஆகவே பாலத்துக்குக் கிரெயின், அதாவது அட்டை இழை படுத்திருக்கும் திசை, நீளவாக்கில் ஓட வேண்டும். அட்டையின் விறைப்பு கிரெயின் வாக்கில் ஏறக்குறைய இரு மடங்கு. கிரெயினுக்குக் குறுக்கே விழுகிற மடிப்பு வெடிக்கத்தான் பார்க்கும், அதனால்தான் சேனல் கணக்கில் இத்தனை கறார்.

#4 அச்சகத்தம்பி

கத்திமேடை அண்ணன் உள்ளே முடிச்சிட்டாரு, நான் வெளியே வர்றேன்.

மேட் லேமினேஷன்னா பி.ஓ.பி.பி. பிளாஸ்டிக் படலம். தாள் ஆலையில கூழாக்கும்போது அது துண்டு துண்டாப் பிரிஞ்சு சல்லடையில கழிவாப் போகும், கூடவே கொஞ்சம் இழையையும் இழுத்துட்டுப் போகும். ஆலை நின்னுடாதுதான், ஆனா முழுக்கத் தாள்னு சொல்லிட்டுப் படலம் ஒட்டக்கூடாதில்ல. தண்ணி வார்னிஷ் மேட் அடிங்க. விரல் தடம் லேமினேஷனைவிடக் கொஞ்சம் கூடுதலாத் தெரியும், அதை ஒத்துக்கிட்டுத்தான் இறங்கணும்.

கவனிக்க வேண்டியது மூணு. பெட்டி முழுக்கக் கறுப்பு சாலிட் (இடைவெளியில்லாம முழு மை) அடிச்சா மடிப்புல வெள்ளைக் கோடு தெரியும். படலம் இருந்தவரைக்கும் அது மறைச்சுது, இப்ப மறைக்காது. மடிப்புக் கோட்டுல வெளிர் நிறமோ அட்டையோட சொந்த நிறமோ வர்ற மாதிரி டிசைனைத் திருப்புங்க. ரெண்டாவது, பேஸ்டிங் காதுல வார்னிஷ் ஏறக்கூடாது. 15 மி.மீ. பட்டையை வார்னிஷ் பிளேட்டுல வெட்டி விடணும், இல்லேன்னா பசை பிடிக்காம ரெண்டு நாள்ல வாய் பிளக்கும். மூணாவது, ஹாட் ஃபாயில் லோகோ அளவுக்கு அடிச்சா பரவாயில்லை, படிவது ரொம்ப மெல்லிய உலோகம்தான். வெள்ளி மாதிரி மின்னுற மெட்-பெட் ஒட்டின அட்டை மட்டும் வேண்டவே வேண்டாம், அதுல ஒட்டுறது உலோகம் பூசின பிளாஸ்டிக் படலம்.

பசைக்கு ஹாட் மெல்ட்டைத் தவிருங்க. கூழாகும்போது கரையாம பிசுபிசுன்னு சின்னச் சின்னத் திட்டா நின்னு, ஆலையில தாளைத் தாங்குற ஃபெல்ட் துணியில ஒட்டும். தண்ணியில செய்த பசை போதும்.

#5 இயர்பட்ஸ்காரன்

நன்றி. மேக்னட் மூடியை என்ன செய்வது? மார்க்கெட்டிங் தரப்பு விடமாட்டேன் என்கிறது. மேக்னட் எடுத்துவிட்டுக் கப்பா பெட்டியை மட்டும் வைத்துக்கொள்ளலாமா?

#6 கத்திமேடை

மேக்னட்டைக் கப்பாவுக்குள் புதைத்து மேலே தாள் ஒட்டிவிடுகிறீர்கள். வாங்கியவரால் பிரித்தெடுக்க முடியாது. பழைய பேப்பர் கடைக்குப் போகிற அட்டைக்குள் உலோகம் போகிறது. கப்பாவும் வேண்டாம் என்பேன். இந்த அளவுக்கு ஒட்டிய கப்பா பெட்டி 50 கிராம் வரும். சிவகாசியில் அடிக்கப்போகிறீர்கள், அந்த ஊருக்கே தெரிந்த தீப்பெட்டி மாடல் இருக்கிறதே! உள்ளே தட்டு, வெளியே உறை.

தட்டு 350 ஜிஎஸ்எம், சுவர் இரட்டை மடிப்பு. விளிம்பை உள்ளே மடித்து அடித்தளத்தில் காது சொருகினால் பசையே இல்லாமல் நிற்கும். கையில் தொட்டால் ஒரு மி.மீ.க்கு மேல் கனம் தெரியும், வெட்டு விளிம்பு எங்கும் வெளியே தெரியாது. மலிவாகத் தெரிவதற்கு முக்கால்வாசிக் காரணம் அந்த வெட்டு விளிம்புதான். தட்டும் உறையும் சேர்ந்து 23 கிராம்.

உறைக்குள் இடைவெளி: அகலத்தில் மொத்தம் 1 மி.மீ., உயரத்தில் 0.8. இதைவிடக் குறைத்தால் மழைக்காலத்தில் இழுக்க வராது. கூட்டினால் கவிழ்த்ததும் தட்டு நழுவி விழும். இரு பக்கமும் திறந்த உறை என்றால் ஒரு பக்கம் 20 மி.மீ. அரைவட்டம் வெட்டுங்கள், விரலுக்கு.

உயரக் கணக்கு: மேடை 30, கேஸ் அதற்கு மேல் 8 நீட்டியிருக்கும், மொத்தம் 38. மிச்சம் 4 மி.மீ.யில் கையேட்டை உறை மாதிரி மடித்து மேலே படுக்க வையுங்கள். கேஸ் மேலே எம்பாமல் அதுவே அழுத்திக்கொள்ளும்.

#7 மழைக்காலம்

அளவுகள் எல்லாம் எந்த ஈரப்பதத்தில் என்று ஒருவரும் கேட்கவில்லை. சிவகாசியில் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சும் வளர்ந்ததற்கு அந்த ஊரின் வறட்சி ஒரு காரணம். அங்கே வெட்டி ஒட்டிய பெட்டி நவம்பரில் சென்னைக் கிடங்குக்கு வருகிறது. தாள் ஈரம் குடிக்கும், குடித்தால் கிரெயினுக்குக் குறுக்கே பருக்கும். கிரெயின் வாக்கில் மாற்றம் மிகக் குறைவு. 90 மி.மீ. பக்கத்தில் அரை மி.மீ. வரை ஒதுக்கிவைத்துக்கொள்ளுங்கள். கத்திமேடை சொன்ன 1 மி.மீ. இடைவெளியில் பாதி அங்கேயே போய்விடுகிறது.

ஆகவே தட்டுக்கும் உறைக்கும் கிரெயின் ஒரே திசையில் ஓடட்டும். இரண்டும் சேர்ந்து பருத்தால் சிக்கல் இல்லை, ஒன்று மட்டும் பருத்தால் மாட்டிக்கொள்ளும். தாள் மிச்சப்படுத்த ஷீட்டில் உறையை மட்டும் திருப்பி அடுக்குவது அச்சகத்தில் வழக்கம். பர்ச்சேஸ் ஆர்டரிலேயே கிரெயின் திசையை அம்புக்குறியோடு போட்டுவிடுங்கள்.

அளவு சரிபார்ப்பதை 27 டிகிரி, 65 சதவீத ஈரப்பதத்தில் ஒரு நாள் வைத்த பிறகு செய்யுங்கள், இந்தியத் தரமுறைகளின் வழக்கம் அது. வெளிநாட்டு டேட்டா ஷீட்டில் இருக்கிற எண்கள் 23 டிகிரி, 50 சதவீதத்தில் எடுத்தவை. இரண்டையும் ஒப்பிட்டுக் குழம்பக் கூடாது.

சிலிக்கா ஜெல் பொட்டலம் போடப்போகிறீர்களா? தாள் பெட்டிக்குள் அதைப் போடுவது ஜன்னலைத் திறந்துவைத்து ஏசி ஓட்டுகிற மாதிரி. மூடிய பிளாஸ்டிக் பைக்குள் வைத்தால்தான் அதற்கு வேலை. எடுத்துவிடுங்கள், அதன் உறையும் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான்.

சோதனைக்கு இஸ்டா 1ஏ (அனுப்பும் பொட்டலங்களுக்கான சர்வதேச சோதனை முறை) போதும். முதலில் அதிர்வு, பிறகு 10 தடவை விழவைப்பது: ஒரு மூலை, மூன்று விளிம்பு, ஆறு முகம். இந்த எடைக்கு உயரம் 760 மி.மீ. ஆனால் அதற்கு முன் 38 டிகிரி, 85 சதவீதத்தில் 72 மணி நேரம் வைத்துவிட்டு உடனே போடுங்கள். உலர்ந்த பெட்டி பாஸ் ஆவது பெரிய காரியமில்லை. ஈரத்தில் நாக்கின் திமிறல் தளர்ந்துபோயிருக்கும். கேஸ் ஜன்னலை விட்டு எம்பினால் நாக்கு ஆழத்தை 17-லிருந்து 19-க்குக் கொண்டுபோங்கள், பாலத்தையும் அதே அளவு இறக்குங்கள். ஜன்னலைச் சுருக்காதீர்கள், சுருக்கினால் பேக்கிங்கில் நாக்கு கிழியும்.

#8 கூழ்த்தட்டு

பாலம், நாக்கு, கிரெயின் என்று இவ்வளவு கவனிக்க வேண்டியிருப்பதே என் பக்க நியாயம். கூழ்த் தட்டில் இழைக்குத் திசை கிடையாது, தொழிலாளி மடிக்க வேண்டியதும் இல்லை, கேஸைப் போட்டால் ஆயிற்று. மாதம் 5,000 நிலையாக ஓடி, கேஸ் டிசைன் ஒரு வருடம் மாறாது என்று தெரிந்தால் மறுபடி கணக்குப் போடுங்கள். அப்போது மடிப்புக் கூலியே அச்சுச் செலவைத் தின்றிருக்கும். 3,000-க்கு அட்டைதான், ஒத்துக்கொள்கிறேன்.

தூளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மழுங்கிய கத்தியில் வெட்டிய அட்டை விளிம்பில் பஞ்சு மாதிரித் தூள் நிற்கும். அது பட்ஸின் ஸ்பீக்கர் வலையில் போய் உட்காரும். பேக்கிங்குக்கு முன் காற்றடித்து உறிஞ்சாமல் அனுப்பினால், ஒரு காதில் சத்தம் கம்மி என்று புகார் வரும், ஆள் எலெக்ட்ரானிக்ஸில் பழுது தேடுவார்.

#9 கத்திமேடை

தூள் விஷயம் முழுக்கச் சரி. வெட்டிய கட்டின் விளிம்பைக் கறுப்புத் துணியால் ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். துணியில் வெள்ளைக் கோடு விழுந்தால் கத்தி மாற்ற வேண்டிய நேரம்.

#10 சட்டப்புள்ளி

அச்சுக்குப் போகும் முன் சில. 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது', 'பசுமைப் பெட்டி' என்று வெறுமனே போடாதீர்கள். 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பசுமைப் பூச்சு விளம்பரங்களுக்கு எதிராக வழிகாட்டு நெறிமுறை அறிவித்திருக்கிறது. சொல்வதற்கு ஆதாரம் இருக்க வேண்டும், பெட்டியைச் சொல்கிறீர்களா பொருளைச் சொல்கிறீர்களா என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். 'பெட்டியும் உள்தட்டும் தாளால் ஆனவை, படலம் ஒட்டவில்லை' என்று உள்ளதை எழுதினால் யாரும் கேட்க முடியாது. எஃப்.எஸ்.சி. முத்திரை (பொறுப்பாகப் பராமரித்த காட்டு மரம் என்ற சான்று) வேண்டுமானால் அட்டை மட்டும் சான்று பெற்றிருந்தால் போதாது, அச்சகத்துக்கும் சான்றுச் சங்கிலி (சான்றுள்ள அட்டையைக் கையாள்பவருக்கான சான்று) இருக்க வேண்டும்.

எம்.ஆர்.பி., தயாரித்த மாதம், முகவரி, நுகர்வோர் தொடர்பு எல்லாம் 2011 பொட்டலப் பொருள் விதிப்படி உறை மேல் வர வேண்டும். உறை தனி, தட்டு தனி என்பதால் தட்டின் மேல் அச்சிட்டுத் தப்ப முடியாது.

விமானத்தில் மொத்தமாக அனுப்பினால் மாஸ்டர் கார்ட்டனில் (பல பெட்டிகள் அடங்கும் வெளிப்பெட்டி) யு.என். 3481 லித்தியம் முத்திரை, 100 × 100 மி.மீ.; அந்த எண் சாதனத்தோடு போகும் லித்தியம் அயன் பேட்டரிக்கானது. அதற்கு ஒரு முகத்தைக் காலியாக விடுங்கள்.

#11 இயர்பட்ஸ்காரன்

மூன்று சில்லறை. காதுமுனைகள் இப்போது ஜிப் கவரில். கேபிளைக் கட்டுவது பிளாஸ்டிக் முறுக்குக் கம்பி. பட்ஸின் சார்ஜிங் முனைக்கு நடுவே இழுத்தெடுக்கும் பிளாஸ்டிக் நாடா. ஷ்ரிங்க் எடுத்தால் திறந்து பார்த்தார்களா என்று எப்படித் தெரியும் என்ற கேள்வியும் இருக்கிறது.

#12 கத்திமேடை

காதுமுனைக்கு மேடைக் கழிவிலேயே அட்டை வெட்டலாம். 60 × 22 அட்டை, நாலு காளான் வடிவ நாக்கு. காளானின் தலை, முனையின் குழலைவிட 1 மி.மீ. அகலம். சிலிக்கான் இழுபடும், அட்டையில் நுழைத்தால் நிற்கும். சிறிய அளவு, பெரிய அளவு என்று அதன் மேலேயே அச்சிடலாம்.

கேபிளுக்கு 120 ஜிஎஸ்எம் கிராஃப்ட் பட்டை, 15 மி.மீ. அகலம், எதிரெதிர் விளிம்பில் பாதி அகலத்துக்கு ஒவ்வொரு வெட்டு, ஒன்றில் ஒன்றைக் கொக்கி மாட்டினால் போதும். பசை வேண்டாம்.

சார்ஜிங் முனை நாடாவுக்குப் பதில் தாள் வைக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். தாள் கனத்தில் கேஸ் மூடி சரியாகப் படியாது, ஈரமும் குடிக்கும். ஃபர்ம்வேரில் ஷிப் மோட் (அனுப்பும்போது பேட்டரி கரையாமல் உறங்கவைக்கும் நிலை) இருந்தால் நாடாவே வேண்டாம், கேபிள் சொருகியதும் விழித்துக்கொள்ளும். சிப்பில் அந்த வசதி இல்லை என்றால் அந்த நாடா இருந்துவிட்டுப் போகட்டும். அந்தத் துளிப் பிளாஸ்டிக்குக்காக பேட்டரி செத்த பட்ஸை அனுப்புவது பெரிய குப்பை.

#13 அச்சகத்தம்பி

சீலுக்கு, உறையின் ரெண்டு வாய்லயும் தாள் ஸ்டிக்கர், நடுவுல குறுக்கு வெட்டு ரெண்டு போட்டது. பிரிச்சா கிழிஞ்சே ஆகணும். ஐபோன் 13-ல ஆப்பிள் வெளிப் பிளாஸ்டிக்கை எடுத்தப்ப கிழிக்கிற தாள் பட்டைதான் வெச்சாங்க. ஒண்ணு மட்டும்: ஸ்டிக்கர் ஒட்டுற இடத்துல கறுப்பு சாலிட் இருந்தா பிரிக்கும்போது மையோட சேர்ந்து வரும். அங்க வெள்ளையா விடுங்க. மை காய 24 மணி நேரம் கொடுத்த பிறகு ஒரு உராய்வுச் சோதனையும் பண்ணிக்குங்க, தண்ணி வார்னிஷ் போதுமான்னு அதுல தெரிஞ்சிடும்.

#14 மழைக்காலம்

மாஸ்டர் கார்ட்டன் கணக்கு, யாரும் கேட்கவில்லை என்றாலும். உறையின் வெளியளவு 95 × 93 × 45. 4 × 3 × 4 அடுக்கினால் 48 பெட்டி, உள்ளளவு 376 × 289 × 184. ஒரு பெட்டி நிரம்பிய எடை 95 கிராம் என்றால் கார்ட்டனோடு 4.9 கிலோ.

மூன்று பிளை (அடுக்கு), பி ஃப்ளூட் (நடுவிலுள்ள நெளி), 3 மி.மீ., விளிம்பு நசுங்கு பலம் மீட்டருக்கு 4 கிலோ நியூட்டன் என்று எடுத்தால், கார்ட்டன் தாங்கும் பாரத்துக்கான மெக்கீ சூத்திரம் (1.33 என்பது மீட்டரில் சுற்றளவு): 5.87 × 4 × வர்க்கமூலம் (0.003 × 1.33) = 1.48 கிலோ நியூட்டன், அதாவது 150 கிலோ. இந்த எண்ணை நம்பி அடுக்காதீர்கள். 90 சதவீத ஈரப்பதத்தில் பாதியாகும், மாதக்கணக்கில் அடுக்கியே இருந்தால் இன்னும் குறையும், பலகையில் மூலை சரியாக உட்காராவிட்டால் மேலும் போகும். ஐந்தால் வகுத்து 30 கிலோ. ஆக அடிக் கார்ட்டனுக்கு மேல் ஆறு. ஃப்ளூட் செங்குத்தாக நிற்க வேண்டும். ஒட்ட நீர் தடவும் கிராஃப்ட் டேப் போடுங்கள், பிரவுன் பிளாஸ்டிக் டேப்பைக் கடைசி நிமிடத்தில் யாராவது கொண்டுவந்துவிடுவார்கள்.

#15 இயர்பட்ஸ்காரன்

சரி, அச்சகத்துக்கு இப்படி அனுப்புகிறேன்: தீப்பெட்டி மாடல், 350 ஜிஎஸ்எம் தட்டும் உறையும், 300 ஜிஎஸ்எம் மேடையும் 'ப' பாலமும், தண்ணி வார்னிஷ் மேட், கிரெயின் அம்புக்குறியோடு. முதலில் 50 வெள்ளை மாதிரி. அதை டை அடித்தே எடுக்கணுமா, மேசைக் கட்டரில் வெட்டினால் போதுமா?

#16 கத்திமேடை

அளவுக்கும் உயரத்துக்கும் கட்டர் போதும், 5 வெட்டுங்கள். பிடிக்கு உதவாது. கட்டரின் கிரீஸ் சக்கரம் போடுகிற மடிப்பு டை கிரீஸ் மாதிரித் திமிறாது. மீதி 45-ஐ டை அடித்து, மேலே சொன்ன 72 மணி நேரம் வைத்துவிட்டு, அப்புறம் விழவையுங்கள். டைக்காரரிடம் ஜன்னல் கிரீஸ் ரூலைத் தனித் துண்டாகப் பதிக்கச் சொல்லுங்கள், 23.3-ஐ 23.2 ஆக்க வேண்டி வந்தால் பலகையை மாற்றாமல் ரூலை மட்டும் உருவி மாற்றலாம்.